காலிப் பட்டியலைக் கவனியுங்கள்

ஆசிரியருக்கு,

தரவுத்தளத்துக்குக் கட்டளையிடும் மொழியான எஸ்கியூஎல் (SQL) பாடங்களில், ஒரு மதிப்பு பட்டியலில் உள்ளதா என்று பார்க்கும் 'இன்' (IN) நிபந்தனைக்கு அடைப்புக்குறிக்குள் இரண்டு மூன்று எண்களைப் போட்டுக் காட்டுவதோடு சரி. அந்தப் பட்டியல் காலியாக வந்தால் என்ன ஆகும் என்பதைக் கணினிப் பக்கங்களாவது எழுத வேண்டும்.

போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல், ஆரக்கிள், எஸ்கியூஎல் சர்வர் ஆகிய தரவுத்தள மென்பொருள்கள் வெற்று அடைப்புக்குறியைக் கண்டதும் தொடரியல் பிழை என்று நின்றுவிடும். எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தளம் ஏற்றுக்கொள்ளும். எஸ்கியூலைட்டில் சோதித்துவிட்டு போஸ்ட்கிரெஸில் ஓட்டுபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பிழை வந்து நிற்பதாவது நல்லது. அதை மறைக்கச் செய்யும் ஒட்டுவேலைதான் ஆபத்து. பட்டியல் காலி என்றால், மதிப்பு இல்லை அல்லது தெரியாது என்பதைக் குறிக்கும் 'நல்'லை (NULL) உள்ளே போடுவது பலருக்கும் வழக்கம். 'இன்' என்றால் ஒரு வரிசையும் வராது, அது சரியான விடைதான். பட்டியலில் இல்லாதவற்றைக் கேட்கும் 'நாட் இன்' (NOT IN) என்றால் விலக்க எதுவுமில்லாததால் எல்லா வரிசைகளும் வர வேண்டும்; ஆனால் ஒன்றுகூட வராது. 5 என்ற எண் 'நல்'லுக்குச் சமமில்லையா என்று கேட்டால் எஸ்கியூஎல்லின் பதில் உண்மையுமல்ல, பொய்யுமல்ல, 'தெரியாது'. நிபந்தனை எழுதும் 'வேர்' (WHERE) பகுதியோ உண்மை என்று வரும் வரிசையை மட்டுமே விடும். நூறு சரியான எண்களுக்கு நடுவே ஒரே ஒரு 'நல்' புகுந்தாலும் இதே கதிதான்.

இதைவிட மோசம், காலி என்றதும் நிபந்தனையையே எடுத்துவிடுவது. தேடல் பக்கத்தில் எதையும் டிக் செய்யாதவருக்கு எல்லாவற்றையும் காட்ட இது பொருந்தும். அதே ஃபங்ஷனை வரிசைகளை அழிக்கும் டெலீட் கட்டளைக்கும் பயன்படுத்தினால், அழிக்க எதுவுமில்லாத நாளில் டேபிள் முழுவதும் காலியாகிவிடும். டெலீட், அப்டேட் இரண்டிலும் பட்டியல் காலி என்றால் கட்டளையை அனுப்பாமலே திரும்பிவிட வேண்டும்.

தரவைப் படிக்கும் செலக்ட்டில் 'இன்' இருக்கும் இடத்தில், எப்போதும் பொய்யான 1 = 0 என்றும், 'நாட் இன்' இருக்கும் இடத்தில், எப்போதும் உண்மையான 1 = 1 என்றும் எழுதினால் போதும். போஸ்ட்கிரெஸில் இன்னும் நல்ல வழி, பட்டியலை ஒரே அர்ரே (மதிப்புகளின் தொகுப்பு) பாராமீட்டராகக் கட்டளையோடு தனியே அனுப்பி '= எனி' (ஏதாவது ஒன்றுக்குச் சமம்), '<> ஆல்' (எதற்கும் சமமில்லை) பயன்படுத்துவது; காலி அர்ரேக்கும் சரியான விடை வரும். அர்ரேயைக் கட்டளைக்குள்ளேயே ARRAY[] என்று எழுதினால் அதன் வகையையும் குறிப்பிட வேண்டும், இல்லாவிட்டால் காலி அர்ரேயின் வகை தெரியவில்லை என்று பிழை வரும். இல்லாத எண் என்று நம்பி -1 போடுவது வேண்டாம். நெடுவரிசை எழுத்து வகையாக இருந்தால் அது உதவாது.

நெடுவரிசையிலேயே 'நல்' இருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். காலிப் பட்டியலோடு 'நாட் இன்' கேட்கும்போது அந்த வரிசைகளும் வரும். பட்டியலில் ஒரு எண் சேர்ந்ததும் அவை மறைந்துவிடும். ஆகவே காலிப் பட்டியல், ஒரு மதிப்பு, பல மதிப்புகள், நடுவே ஒரு 'நல்' என நான்கு விதமாகவும் சோதித்த பிறகே நிரலை வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
தரவுத்தளப் பணியில் உள்ள வாசகர்கள்