கோடை முகாமுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

வணக்கம்.

8 முதல் 11 வயதுப் பிள்ளைகள் 30 பேருக்கு நூலக வளாகத்தில் நடந்த கோடை முகாம் நல்லபடியாக முடிந்தது. சேர்ந்து வேலை செய்யப் பழக்குவதே நோக்கம். ‘ஒத்துமையா இருங்க’ என்று சொன்னால் அந்த நிமிடத்துக்குத் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். ஒருவர் கை இல்லாமல் அடுத்தவர் வேலை நகராது என்று ஆனால், சொல்லாமலே சேருவார்கள். அப்படி ஆக்கித் தந்தவர்கள் நீங்கள்.

ஸ்டேஷனரிக் கடை அண்ணாச்சி 30 கத்தரிக்கோல் தர முன்வந்தார். 6 போதும் என்றதும் மனம் கோணாமல் அப்படியே கொடுத்தார். ஐந்து பேர் குழுவுக்கு ஒரு கத்தரிக்கோல், ஒரு பசை, ஒரு அளவுகோல். ஆளுக்கொன்று இருந்தால் ஐவரும் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாகத்தான் வெட்டுவார்கள். எட்டுப் பேருக்கு ஒன்று என்றாலும் சரிவராது. இரண்டு பேர் சும்மா இருப்பார்கள், சண்டை அங்கேதான் கிளம்பும்.

பனையேறி ஐயாவுக்குத் தனி நன்றி. வாசிப்புப் பாடத்துக்குப் பனைமரத்தை எடுத்துக்கொண்டு, ஓலை, நார், நுங்கு, பதநீர், கிழங்கு என ஐந்து துண்டாக, துண்டுக்குப் பத்து வரியாக எழுதினோம். பிழை திருத்திக் கொடுத்தவர் அவர்தான். 1971-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் வெவ்வேறு இனப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்டு மோதல் முற்றியபோது, உளவியலாளர் எலியட் ஆரன்சனும் அவருடைய மாணவர்களும் வகுத்த முறையில்தான் இந்தத் துண்டுகளைப் படிக்கவைத்தோம். குழுவில் ஒருவருக்கு ஒரு துண்டு மட்டும். முதலில் ஆறு குழுக்களின் பதநீர்க்காரர்களும், அதாவது பதநீர்த் துண்டு கிடைத்த பிள்ளைகள், ஓரிடத்தில் கூடி 15 நிமிடம் படித்து, எப்படிச் சொல்வது என்று பேசிப் பார்க்கிறார்கள். மற்ற துண்டுக்காரர்களும் அப்படியே. பிறகு அவரவர் குழுவுக்குத் திரும்பி மற்ற நால்வருக்கும் சொல்லித் தருகிறார்கள். அந்த 15 நிமிடத்தை மட்டும் விட்டுவிடக் கூடாது. திக்கிப் படிக்கும் பிள்ளை நேரே குழுவில் பேசினால் கேலிதான் மிஞ்சும். முழுப் பாடத்தையும் யார் கையிலும் கொடுக்கக் கூடாது. வேகமாகப் படிப்பவர் எல்லாவற்றையும் தானே சொல்லிவிடுவார். யாராவது வராவிட்டால் அவர் துண்டைக் குழுவில் இன்னொருவர் சேர்த்து எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியில் கேள்வித்தாளை ஆளுக்கு ஒன்றாகத் தனித்தனியே எழுத வேண்டும். குழுவுக்கே மொத்த மதிப்பெண் என்றால், ‘உன்னாலதான் போச்சு’ என்று ஒரு பிள்ளையைப் பிடித்துக்கொள்வார்கள். ‘கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது ஏன்?’ என்ற கேள்விக்குப் பதநீர்க்காரர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டவர்களால்தான் விடை எழுத முடியும். (தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும்.)

தையல்கடை அக்கா பழைய நாலு முழ வேட்டிகள் நான்கை ஒரே விரிப்பாகத் தைத்துத் தந்தார். சுமார் 3.6 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம். சுற்றி 16 பேர் பிடிக்கலாம். நான்கு வேட்டிகளின் மூலைகளும் சேரும் நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு ஓட்டை விட்டிருந்தார். பந்தை விளிம்போரம் ஒரு சுற்று உருட்டி, அந்த ஓட்டையில் விழவைப்பதே விளையாட்டு. ஒருவர் வெடுக்கென்று இழுத்தாலும் பந்து வெளியே பறந்துவிடும். ரப்பர் பந்து ஆகாது, துள்ளும், துணிப்பந்துதான் சரி. பிள்ளைகள் பிடித்து இழுப்பது ஓரத்தைத்தான் என்பதால், அதை மடித்து உள்ளே கயிறு கோத்துத் தைத்தது அக்காவின் யோசனை. அது இல்லாமல் போயிருந்தால் முதல் நாளே கிழிந்திருக்கும்.

சத்துணவு அமைப்பாளர் அம்மா 1 கிலோ கொண்டைக்கடலையை முந்தின இரவே ஊறவைத்து, அடுப்பைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு, தேங்காய் துருவுவது முதல் தொன்னையில் போடுவது வரை பிள்ளைகளிடமே விட்டார். பங்கு போட்டவருக்குக் கடைசித் தொன்னை என்பது அவர் வைத்த சட்டம். பங்கு எப்போதும் சமமாகவே விழுந்தது.

தன்னார்வலராக வந்த கல்லூரித் தம்பி தங்கைகள் செய்ததுதான் கடினமான வேலை: கையைக் கட்டிக்கொண்டு நின்றது. அடிதடி ஆகாதவரை சண்டையில் தலையிடாமல் இரண்டு நிமிடம் பொறுத்தார்கள். பிறகு நியாயம் தீர்க்கவில்லை; எதிராளி சொன்னதை முதலில் திருப்பிச் சொல்லவைத்து, அதன் பிறகே அவரவர் கட்சியைப் பேசவிட்டார்கள். முதல் பரிசுக்கென்று எடுத்து வைத்த பணத்தை எல்லோரும் உட்காரக் கோரைப்பாய் வாங்கத் திருப்பிவிட்ட பெற்றோருக்கும் எங்கள் நன்றி.

விரிப்பும் பனைத் துண்டுகளும் நூலக அலமாரியில் இருக்கின்றன. வேண்டிய பள்ளிகள் எடுத்துப் போகலாம். விரிப்பைத் துவைத்தால் கஞ்சி மட்டும் போட வேண்டாம். விறைத்துப்போனால் பந்து உருளாது.

நன்றியுடன்,
முகாம் நடத்திய குழுவினர்