பாதி நயாகரா

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் நயாகரா கட்டுரையில் பழைய காலப் புகைப்படக்காரர் ஜார்ஜ் பார்க்கர் எடுத்த குளிர்கால அருவிப் படத்தைப் பார்த்ததும் மகிழ்ந்தேன். அப்புறம்தான் கவனித்தேன், அது பாதிப் படம். அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்த இரண்டில் ஒன்றை, ‘இரண்டும் ஒன்றுதானே’ என்று வெட்டிவிட்டீர்கள் போலிருக்கிறது.

ஒன்றில்லை. என்னிடம் அதேபோல் ஒரு பழைய அட்டை இருக்கிறது. முன்னால் பனி உறைந்த மரக்கிளை. இடது படத்தில் அது பின்னாலுள்ள பாறையைத் தொட்டுக்கொண்டிருக்கும். வலது படத்தில் கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்து, நடுவே ஒரு கோடு வெளிச்சம் தெரியும். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு படத்தைத் தனித்தனியே காட்டும் ஸ்டீரியோஸ்கோப் கருவியில் வைத்துப் பார்த்தால் அந்தக் கோடுதான் ஆழம். நம் கண்களுக்கிடையே இருப்பது ஆறரை சென்டிமீட்டர்தான். அவ்வளவு இடைவெளிக்குத் தொலைவிலுள்ள அருவி தட்டையாகத்தான் தெரியும். அதனால்தான் அந்தக் காலத்துக்காரர்கள் முன்னால் ஒரு கிளையோ பாறையோ ஆளோ வருமாறு பார்த்துக்கொண்டார்கள். வெறும் அலங்காரம் என்று கட்டுரையாளர் நினைத்துவிட்டார்.

தண்ணீர் பால்போல் தெரிவதையும் அவர் குறை சொல்கிறார். 1859இல் வில்லியம் இங்கிலாண்ட் என்ற புகைப்படக்காரர் லண்டனிலிருந்து நயாகராவுக்குப் போனபோது ஈரக் கண்ணாடித் தகடுதான். மருந்து பூசி, அது காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். லென்ஸை மூடியிருக்கும் மூடியைக் கழற்றிச் சில நொடி காத்திருந்தால் ஓடும் தண்ணீர் பாலாகாமல் என்ன செய்யும்? ஒரே லென்ஸ் கேமராவை நகர்த்தி இரண்டு தடவை எடுத்தாலோ, அதற்குள் நுரையும் சாரலும் மாறி ஒவ்வொரு கண்ணுக்கும் ஓர் அருவி கிடைக்கும். இரட்டை லென்ஸ் கேமரா அருவிக்கு அவசியமானது இதனால்தான்.

அடுத்த இதழில் இரண்டு படங்களையும் சேர்த்தே போடுங்கள். இரண்டின் நடுப்புள்ளிகளுக்கு இடையே ஆறு சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். பழகியவர்கள் கருவி இல்லாமலே பார்த்துவிடுவார்கள். முக்கியமாக, லேஅவுட்டில் இடம் வலம் மாறிவிடக் கூடாது. ஒருமுறை நான் நகலெடுத்து மாற்றி ஒட்டிவிட்டேன். அருவி முன்னால் வந்து நின்றது, கிளை அதற்குப் பின்னால் போய்த் தொங்கியது. அன்று முழுக்க எனக்குத் தலைவலி.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை