பாப்பாவுக்கு, உன் நாவல் விஷயமா

தாயி,

நல்லா இருக்கியா. போன்ல நாவல் எந்த மட்டுல இருக்குன்னு கேட்டா "ப்ச், அத விடும்மா"ன்னு பேச்ச மாத்திடுற, அதான் உக்காந்து டைப் பண்றேன், பொறுமையா படி. மாப்பிள்ளைதான் சொன்னார், மாசக்கணக்கா நீ அந்த ஃபைல தொறக்கவே இல்லையாம், ஆபீஸ் முடிஞ்சு வந்தா மூட் வரமாட்டேங்குதுன்னு சொல்றியாம். அவர கோவிச்சுக்காத, நான்தான் தோண்டித் தோண்டிக் கேட்டேன்.

மூட் வந்து எழுதுறதுன்னா இங்க பாதி நாவல் வந்திருக்காது பாப்பா. அசோகமித்திரன எடுத்துக்கோ, 1966ல ஜெமினி ஸ்டுடியோ வேலைய விட்டுட்டு எழுத்துதான்னு இறங்குன மனுஷன், வீட்ல உக்காந்து எழுத தோதில்லாம தி.நகர்ல பார்க்ல போய் உக்காந்து எழுதுவார். பார்க்னா சத்தம் இல்லாமலா இருக்கும், ஆள் வரும் போகும், பிள்ளைக கத்தும். அவருக்கு அந்த எடம்தான் டேபிள். போய் உக்காந்தா கை எழுத ஆரம்பிச்சிடும், அவ்வளவுதான்.

சல்மா கதைய நெனச்சா எனக்கு இன்னும் நெஞ்ச அடைக்கும். துவரங்குறிச்சில வயசுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்த நிறுத்தி வீட்டுக்குள்ள வச்சிட்டாங்க, கல்யாணம் ஆகிப் போன எடத்துலயும் எழுதக்கூடாதுன்னு கட்டுப்பாடு, ராத்திரி எல்லாரும் தூங்குன பெறகு பாத்ரூம்ல நின்னுட்டே எழுதுனதா அவங்களே சொல்லியிருக்காங்க. எழுதுனத யாருக்கும் தெரியாம வெளிய அனுப்ப ஒத்தாசை பண்ணது அவங்க அம்மா. அப்புறம் 2004ல அவ்வளவு பெரிய நாவல் வந்துச்சு. நான் அந்த அம்மாவத்தான் அடிக்கடி நெனச்சுக்குவேன். பொண்ணு எழுதுறத ஊரே தப்புன்னு சொல்லும்போது அத எடுத்துக் குடுக்க எவ்வளவு தைரியம் வேணும். எனக்கு அந்தப் பாடெல்லாம் இல்ல, உன்னைய எழுதுன்னு சொன்னாப் போதும், அதையாவது சொல்லிட்டே இருப்பேன்.

லேட் ஆயிடுச்சுன்னு வேற வருத்தப்படுறியாம். எதுக்கு லேட்? சுந்தர ராமசாமி மொத நாவல் 1966ல, அடுத்தது 1981ல, மூணாவது 1998ல. முப்பத்திரெண்டு வருஷத்துல மூணே நாவல், இன்னைக்கும் அவர விட்டுட்டு யாராவது தமிழ் நாவல் பத்திப் பேச முடியுமா? நம்ம கோவில்பட்டி பூமணியப் பாரு, 1979லயே பேர் வாங்குனவர், கவர்மெண்ட் வேலையும் பார்த்துக்கிட்டே எழுதுனவர், அந்த 'அஞ்ஞாடி' நாவலுக்காக பழைய ரெக்கார்டெல்லாம் தேடித் தேடி, 1895 கழுகுமலை கலவரம், 1899 சிவகாசி கலவரம்னு ஒவ்வொண்ணா படிச்சு, வருஷக்கணக்கா உழைச்சு 2012லதான் வெளிய கொண்டு வந்தார். ஆயிரம் பக்கத்துக்கு மேல. 2014ல சாகித்ய அகாதமி குடுத்தாங்க. நம்ம ஊர் பஸ்ஸ்டாண்டுல நின்னு டீ குடிக்கிற ஜனங்களோட தாத்தா பாட்டன் கதைதான் அது, அதுக்கே அவ்வளவு வருஷம் பிடிச்சிருக்கு.

ஜெயமோகன் மாதிரி டெய்லி எழுதணும்னு நெனைச்சு எழுத முடியாம நொந்து போறன்னும் கேள்விப்பட்டேன். 2014ல ஆரம்பிச்சு 2020 வரைக்கும் நாள் தவறாம அத்தியாயம் போட்டு மகாபாரதத்த 26 நாவலா முடிச்சது பெரிய விஷயம்தான், நான் இல்லைங்கல. அது அவர் வேகம். நீ காலைல லாகின் பண்ணி ராத்திரி லாகவுட் பண்றவ, உனக்கு அரைப்பக்கம் வந்தா அரைப்பக்கம். ஆனா அந்த அரைப்பக்கத்துக்கு ஒரு நேரம் வச்சுக்கோ, அது உன் நேரம்னு வீட்ல சொல்லி வையி, மாப்பிள்ளை டீ போட்டுக்குவார். இத்தனை ஆயிரம் வார்த்தைன்னு செல்போன்ல எண்ணிட்டிருக்கியாமே, அத மட்டும் விட்டுடு தாயி, நாங்க தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்குன கட்டைய கூலிக்கு எண்ணுன மாதிரி இருக்கு.

இன்னொண்ணு, மொத அத்தியாயத்தையே எத்தனை தடவ திருத்துவ? நல்லாத்தான் இருக்கு, விட்டுரு. கோணலோ மாணலோ முடிவு வரைக்கும் ஒரு தடவ போயிட்டு வா, அப்புறம் திருத்திக்கலாம்.

இப்ப என் மனசுல பட்டதச் சொல்றேன். உனக்கு மூட் போகல, உன் நாவல்ல வர்ற அந்தப் பொண்ணு தீப்பெட்டி ஆபீசுக்குள்ள நுழைஞ்ச எடத்துலதான் நீ நின்னு போயிட்ட. அதுவரைக்கும் கதையா இருக்கு, அதுக்கப்புறம் பேப்பர்ல வர்ற கட்டுரை மாதிரி இருக்கு, குழந்தைத் தொழிலாளர், வறுமைன்னு. உனக்கே அது போர் அடிச்சிருக்கும், அதான் ஃபைல தொறக்க மாட்டேங்குற. உள்ள என்ன நடந்துச்சுன்னு என்கிட்ட கேட்டிருக்கலாம்ல. விடியறதுக்கு முன்னாடி, இருட்டுலயே ஆபீஸ் பஸ் வந்து ஹார்ன் அடிக்கும், நாங்க பாதித் தூக்கத்துல ஏறி ஒருத்தி மேல ஒருத்தி சாஞ்சு தூங்குவோம், எறங்குற எடத்துல எவ தூக்குவாளி எவகிட்ட போச்சுன்னு தினம் சண்டை. குச்சி அடுக்கி அடுக்கி விரல் நுனியெல்லாம் வழுவழுன்னு தேஞ்சிருக்கும். ஞாயித்துக்கெழம படம் பார்த்துட்டு வந்தவ திங்கக்கெழம மொதல் சீன்லருந்து கதை சொல்லுவா, பாட்டு வந்தா பாடியே காட்டுவா, நாங்க கை நிக்காம கேட்டுட்டே இருப்போம், கணக்கப்பிள்ளை வர்ற சத்தம் கேட்டா அப்படியே நிப்பாட்டிட்டு அவர் போனதும் விட்ட எடத்துலருந்து ஆரம்பிப்பா. பாதிப் படம் அவ சொந்தமா சேர்த்ததுதான், அப்புறம் நெசப் படத்த பார்த்தப்ப எனக்கு அவ சொன்னதுதான் நல்லா இருந்துச்சு. அவள உன் நாவல்ல கொண்டு வாயேன்.

கஷ்டம் இல்லைன்னு சொல்லல, இருந்துச்சு, நெறைய இருந்துச்சு. ஆனா நாங்க சிரிக்கவும் செஞ்சோம், அது உன் கதைல எங்கயுமே இல்ல பாப்பா.

பொங்கலுக்கு ரெண்டு நாள் சேத்து லீவு போட்டு வா. என்கூட வேலை பார்த்த தெக்குத்தெரு பெரியம்மாகிட்ட கூட்டிட்டுப் போறேன், அவளுக்கு என்னைய விட ஞாபகம் ஜாஸ்தி, ஆனா போன்ல ரெக்கார்ட் பண்றேன்னு முன்னாடி நீட்டுனா வாயத் தொறக்க மாட்டா, சும்மா உக்காந்து கேளு. அப்புறம், அந்தப் பொண்ணு குச்சிய மருந்துல முக்குற ரூம்ல நின்னு அழுகுறான்னு எழுதியிருக்கியே, அத மாத்திடு. எங்க ஆபீஸ்ல குச்சி அடுக்குற பிள்ளைகள அந்தப் பக்கமே விட மாட்டாங்க. அழணும்னா பின்னாடி தண்ணித்தொட்டிப் பக்கம்தான் போவோம்.

அம்மா