கூட்டமாக வாழும் மீனை ஜோடியாக விற்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை வந்துவிட்டால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வண்ணமீன் விற்பனை சூடு பிடித்துவிடும். இரண்டடித் தொட்டி ஒன்று. அதற்குள் நியான் டெட்ரா ஒரு ஜோடி, டைகர் பார்ப் ஒரு ஜோடி, ஏஞ்சல் ஒரு ஜோடி, சில்வர் ஷார்க் ஒரு ஜோடி. பெரும்பாலும் இப்படித்தான் கட்டித் தருகிறார்கள். பத்து நாளில் பாதி செத்து மிதந்தால் பழி தண்ணீர்மேல் விழுகிறது. கோளாறு முதலில் அந்த ஜோடிக் கணக்கில்தான்.

நியான் கூட்டமாக வாழும் மீன். இரண்டே இரண்டு விட்டால் செடிக்குப் பின்னால் ஒண்டிக்கொள்ளும், நிறம் வெளுக்கும், இரை எடுக்காது. டைகர் பார்ப் எட்டுப் பத்து இருந்தால் தங்களுக்குள் துரத்திக்கொண்டு அடங்கிவிடும். இரண்டு மூன்று என்றால் பக்கத்து மீனின் துடுப்பைக் கடித்துக் குதறும். கப்பி, கௌராமி, ஏஞ்சல் எதுவும் தப்பாது. வளர்ந்த ஏஞ்சல் நியானையே விழுங்கிவிடும். சில்வர் ஷார்க் ஓரடி வளரும் மீன். இரண்டடித் தொட்டியில் அது திரும்புவதே சிரமம். கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லித் தரும் சக்கர் மீனும் அப்படித்தான். வளர்ந்துவிட்டது என்று அதை ஊருணியில் கொண்டுபோய் விடுவது பெரிய கேடு.

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டியில் மணல் போக 45 முதல் 50 லிட்டர் தண்ணீர் நிற்கும். அதற்கு ஓரினத்தில் 8 முதல் 10 மீன் போதும்: நியான் அல்லது ஹார்லெக்வின் ரஸ்போரா பத்து, அவற்றோடு அடியில் மேய ஆறு கோரிடோரஸ். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் நியானை மறந்துவிட்டு ஜீப்ரா டேனியோவோ செர்ரி பார்ப்போ வாங்குவது நல்லது. டேனியோ துள்ளும், மேலே வலைமூடி வேண்டும்.

உப்பைக் குறைக்க ஆர்.ஓ. தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலக்கலாம். அதை மட்டுமே ஊற்றினால் பி.எச். (தண்ணீரின் அமில, கார அளவு) நிலையாக நிற்காது. முதல் மழையை ஓடவிட்டுப் பிடித்த மழைநீர் இதற்கு அருமையானது. ஆனால் செப்பு அண்டாவில் தேக்கிய மழைநீரை ஊற்றவே கூடாது. உப்பில்லாத மழைநீர் செம்பைக் கரைக்கும், செம்பு மீனுக்கு விஷம்.

புதுத் தொட்டியில் மீனை அன்றைக்கே விடுவதுதான் அடுத்த தவறு. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஸ்பாஞ்ச் பில்டரில் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். மீன் இல்லாமல் பில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை இரை போட்டு வர வேண்டும். தண்ணீரைச் சோதிக்கும் சொட்டு மருந்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகு முதலில் ஆறு மீன், இரண்டு வாரம் கழித்து மீதி. நன்றாக ஓடும் பழைய தொட்டியின் ஸ்பாஞ்ச் கிடைத்தால் காத்திருப்பு வெகுவாகக் குறையும். ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவினால் குளோரினில் பாக்டீரியா போய்விடும்; தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து மாட்டுங்கள். வாரம் கால்பங்கு தண்ணீர் மாற்றினால் போதும்.

நம் பக்கத்து வெயிலுக்குத் தொட்டியை வளவின் (வீட்டு நடுமுற்றத்தின்) நேர் வெளிச்சத்தில் வைக்கக் கூடாது; பாசியும் பிடிக்கும், சூடும் ஏறும். கனத்த சுவர் உள்ள உள்ளறை நல்லது. இரும்பு ஸ்டாண்டு என்றால் கால்களுக்கு அடியில் ரப்பர் கொடுங்கள், தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் துருக்கறை ஏறினால் போகாது. நியானுக்கு 22 முதல் 26 டிகிரி உகந்தது. சித்திரையில் 32-ஐத் தாண்டினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். சின்ன மின்விசிறியை நீர்ப்பரப்பின் மேல் வீசவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஐஸ் பாட்டில் போடாதீர்கள், திடீர் மாற்றத்தை மீன் தாங்காது. ஆவியான அளவுக்கு உப்பில்லாத தண்ணீரையே ஊற்ற வேண்டும். போர் தண்ணீரே ஊற்றி வந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும். மின்தடைக்கு பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம்.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு தொட்டிக் கண்ணாடியிலும் அந்த மீன் எவ்வளவு பெரிதாக வளரும், குறைந்தது எத்தனை சேர்த்து வாங்க வேண்டும் என்று எழுதி ஒட்டுங்கள். பத்தாக வாங்குவோருக்கு விலையில் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால் ஜோடி கேட்டு வருபவரும் பத்தாக வாங்கிப் போவார்.

இப்படிக்கு,
வண்ணமீன் வளர்ப்போர் சிலர்,
காரைக்குடி