கிணற்றடிச் சேனையின் பங்காளி: பெரியம்மாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெரியம்மா,

கொல்லையில் நாற்றம் தாங்காமல், பெருச்சாளி செத்துக் கிடக்கிறதென்று நீங்களும் பெரியப்பாவும் ஒரு நாள் முழுக்கத் தேடினீர்களே, நினைவிருக்கிறதா? விறகு அடுக்கைக் கலைத்து, சாக்கடையில் குச்சி விட்டுப் பார்த்து, கடைசியில் பார்த்தால் கிணற்றடியில் சேனைக்கிழங்கு பூத்திருந்தது. “இந்த எழவுக்கா இவ்வளவு பாடு!” என்று மண்வெட்டியை எடுத்தீர்கள்.

அந்தப் பூவின் பங்காளியைப் பார்க்கத்தான் நான் சிட்னி தாவரவியல் பூங்காவில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றேன். 2025 ஜனவரி 23, வியாழக்கிழமை. வேலை முடிந்து நேராகப் போனேன். நள்ளிரவு வரை திறந்து வைத்திருந்தார்கள்.

பிணப்பூ என்கிறார்கள். சொந்த ஊர் சுமத்ரா. காடு அழிய அழிய இதுவும் அருகிக்கொண்டே வருகிறது. சிட்னியில் 15 வருடத்துக்குப் பிறகு அப்போதுதான் பூத்தது. ‘புட்ரீசியா’ என்று பெயர் வேறு. சுற்றிலும் சிவப்புக் கயிறு, பின்னால் திரைச்சீலை, இணையத்தில் நேரலை. கல்யாணப் பெண் தோற்றாள், போங்கள்! சுமார் 20,000 பேர் வந்து பார்த்தார்களாம்.

உயரம் 1.6 மீட்டர், கிட்டத்தட்ட நீங்கள் நிற்கிற மாதிரி. வெளியே வெளிர்பச்சை, பாவாடைக் கொசுவம்போல மடிப்பு மடிப்பாக. உள்ளே ஆட்டு ஈரலின் நிறம். நடுவில் மஞ்சளாய் ஒரு தண்டு. முதலில் ஒரு வாடையும் இல்லை. “இவ்வளவுதானா?” என்றார் எனக்கு முன்னால் நின்றவர், ஏமாந்துபோய். நாறவில்லையே என்று வருத்தப்பட்ட ஒரு மனிதரை அன்றுதான் பார்த்தேன். அப்புறம் காற்று இந்தப் பக்கம் திரும்பியது. டப்பாவில் போட்டு ஒரு வாரம் மறந்துபோன முட்டைக்கோஸ் பொரியல், அதற்கடியில் ஒரு செத்த எலி. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

எல்லாம் வண்டையும் ஈயையும் ஏமாற்றத்தான். பிணம் என்று நம்பி அவை முட்டையிட வரும். அந்தத் தண்டு நம் உடம்பளவுக்குச் சூடாகி நாற்றத்தை மேலே கிளப்பிவிடும். தண்டின் அடியில் குட்டிக் குட்டிப் பூக்கள்: முதல் இரவு பெண் பூக்கள் மலரும், மறுநாள் ஆண் பூக்கள், இரண்டு நாளில் எல்லாம் சாய்ந்துவிடும். மற்ற காலத்தில் அதே நம் சேனைதான்: திட்டுத் திட்டான ஒற்றைத் தண்டு, மேலே குடைபோல் இலை.

கிழங்கு 50 கிலோவைத் தாண்டுமாம். “சமைக்கலாமா?” என்றுதான் நீங்கள் முதலில் கேட்பீர்கள். வரிசையில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

இங்கே கடையில் சேனை உறையவைத்த துண்டுகளாகக் கிடைக்கிறது. புளித்தண்ணீரில் வேகவைத்தும் பார்த்தேன், உங்கள் வறுவல் பக்கம்கூட வரவில்லை. கிணற்றடியில் இன்னும் முளைக்கிறதா? பூத்தால், மண்வெட்டியை எடுக்குமுன் எனக்கு ஒரு வீடியோ கால் போடுங்கள். இங்கே அப்போது நடுராத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உங்கள் சின்னவன்