கை மடியில் இருந்த நேரம்

அன்புள்ள மகளுக்கு,

போன வியாழக்கிழமை இரவு நான் இங்கே லண்டனில் டால்ஸ்டனுக்குப் போயிருந்தேன். ஆஷ்வின் வீதியில் இருக்கிற கஃபே ஓட்டோவுக்குத்தான். நீ படிக்கிற காலத்தில் கிழமைக்கு இரண்டு தரம் கச்சேரி கேட்கப் போய், பிந்தி வந்து, என்னிடம் பேச்சு வாங்குவாயே, அதே இடம். 'ஓட்டோ' என்றால் யப்பானிய மொழியில் 'ஒலி' என்று நீ அப்போது சொன்னது வாசலில் நிற்கும்போது ஞாபகம் வந்தது. அம்மாவுக்கு அன்று இரவு வேலை. தனியாகத்தான் போனேன்.

இரண்டே பேர். ஒருவர் குரல், மற்றவர் நீ வாசிக்கிற அதே பெரிய நரம்புக் கருவி, ஹார்ப். இருவர் பக்கத்திலும் எலெக்ட்ரானிக்ஸ் பெட்டிகள். எழுதி வைத்த இசை எதுவும் கிடையாது, அந்த இடத்திலேயே உருவாக்குவார்கள் என்று அறிவிப்பில் போட்டிருந்தது. நீயும் உன் சிநேகிதியும் செய்கிற அதே விஷயம். அதனால்தான் போனேன்.

உயரமான மேடை ஒன்றும் இல்லை. நாங்கள் இருக்கிற அதே தரையில் அவர்களும். ஊரில் கோயில் வீதியில் மேளச் சமா நடக்கும்போது சுற்றி நின்று பார்ப்போமே, அப்படி இருந்தது. எனக்குக் கிடைத்த கதிரை ஒரு ஓரத்தில், ஹார்ப்புக்குப் பக்கவாட்டில். நடுவில் இடம் கிடைக்கவில்லையே என்று முதலில் கவலைப்பட்டேன்.

உண்மையைச் சொல்கிறேன், முதல் பத்து நிமிடமும் எனக்குப் பிடிக்கவில்லை. பாடியவர் மூச்சை வெளியே விடாமல் உள்ளே இழுத்தபடி குரல் எழுப்பினார். பழைய படலையைத் திறக்கும்போது வருகிற கிறீச்சொலி மாதிரி ஒன்று தொண்டைக்குள் இருந்து வந்தது. அப்புறம் ஒரே நேரத்தில் இரண்டு சுருதி கேட்டது. சொல் ஒன்றுகூட இல்லை. ஹார்ப்காரர் கம்பிகளுக்கு நடுவில் ஒரு காகிதத்தைச் செருகி வாசித்தார். பிறகு கம்பியின் சுருதியைக் காலால் மாற்றுகிற பெடல் ஒன்றைப் பாதி வழியில் நிறுத்தினார். அதோடு சேர்ந்து திரும்புகிற மேலேயுள்ள வட்டு கம்பியைச் சும்மா தொட்டபடி நின்று 'ஸ்ஸ்' என்று அதிர்ந்தது. அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். அது வந்தால் உன் ஆசிரியர் பாடத்தை நிறுத்தி உன்னைத் திருத்துவார், நான் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். இங்கே அவர் அதை வேண்டுமென்றே வரவழைத்தார். ஹார்ப்பின் பலகையில் ஒட்டியிருந்த சின்ன மைக் அந்தச் சத்தத்தை எடுத்துக்கொண்டு போக, கொஞ்ச நேரம் கழித்து அது தடித்து, மெதுவாகி, எனக்குப் பின்னால் இருந்த ஸ்பீக்கரில் திரும்பி வந்தது.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பாடியவர் தனியாகப் போய்க்கொண்டிருந்தார். ஹார்ப்காரர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். இரண்டு நிமிடத்துக்கு மேல் அவர் ஒரு கம்பியையும் தொடவில்லை. ஆனால் நான் ஓரத்தில் இருந்தேன் அல்லவா, அவருடைய கால் தெரிந்தது. இடது பாதம் ஒரு பெடலை ஓசைப்படாமல் ஒரு படி இறக்கியது. கை தயாராவது போல லேசாக எழும்பியது. குரல் வேறு பக்கம் திரும்பியது. பாதம் அந்தப் பெடலைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய் விட்டது. இன்னொரு தரமும் இப்படியே நடந்தது. மூன்றாம் தரம்தான் கை போய் அடியில் இருக்கிற தடித்த கம்பிகளில் ஒன்றைத் தொட்டது. ஒரே ஒரு தரம். என் கைக்குக் கீழே மேசை அதிர்ந்தது. பாடியவர் அந்த இடத்தில் சட்டென்று குரலை நிறுத்திவிட்டார்.

எத்தனையோ வருடம் அந்தச் சாமானைத் தூக்கித் திரிந்தவன் நான். 40 கிலோவுக்குக் கிட்ட வரும். 47 கம்பி, ஏழு பெடல், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை என்று எனக்கு மனப்பாடம். செபஸ்தியன் எரார் 1810 இல் இதே லண்டனில் காப்புரிமை எடுத்த பொறி என்று விருந்தாளிகளுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். இருந்தும், கை சும்மா இருக்கும்போது கால் என்ன செய்கிறது என்று ஒருநாளும் நான் பார்த்ததில்லை.

பிள்ளை, மாசி மாதம் நீ பெர்லினில் வாசித்த நிகழ்ச்சியின் வீடியோவை அனுப்பினாய். 34 நிமிடம். 'பார்த்தேன், நல்லாயிருக்கு' என்று பதில் போட்டேன். நான் அதை முழுதாகப் பார்க்கவில்லை. நீ கையை மடியில் வைத்திருந்த இடங்களில் எல்லாம் விரலால் இழுத்து முன்னுக்குத் தள்ளினேன். அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்தேன். ஏழெட்டு நிமிடத்தில் முடித்துவிட்டுத்தான் அந்தப் பதிலை எழுதினேன். அன்றிலிருந்து அது உறுத்திக்கொண்டே இருந்தது.

அதற்கு முந்தியதும் இருக்கிறது. ஓர்க்கெஸ்ட்ராவுக்குப் போகமாட்டேன் என்று நீ சொன்ன நாளில், 'இதுக்கா நான் சுமந்தேன்?' என்று கேட்டேன். நீ பதில் சொல்லாமல் அறைக்குள் போய்விட்டாய். எனக்கு அந்த வாத்தியத்தின்மேல் இருந்த ஆசை உனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு யாழ் என்றால் முத்திரைகளில் இருக்கிற படம்தான். உருவமாகக் கண்டதில்லை. விபுலாநந்த அடிகள் 1947 இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் அந்த மறைந்துபோன நரம்புக் கருவிகளைக் கணக்குப் போட்டு மீட்கப் பார்த்தார் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததோடு சரி. அப்படியிருக்க, பதினொரு வயதில் நீ வந்து ஹார்ப் வேண்டும் என்றாய். ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க்கின் 2001 ஆம் ஆண்டு இசைத்தட்டில் ஸீனா பார்க்கின்ஸ் ஹார்ப் வாசித்ததைக் கேட்டுத்தான் நீ கேட்டாய் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். யாழே வீட்டுக்கு வருகிறது என்று நான் எனக்குள் ஒரு கதை கட்டிக்கொண்டேன். அந்தக் கதை என்னுடையது. அதை உன் தலையில் ஏற்றியிருக்கக் கூடாது.

வியாழன் இரவு ரயிலில் வரும்போது தெட்சணாமூர்த்தியின் தவிலைத்தான் நினைத்தேன். 1975 இல் அவர் காலமானபோது நான் பள்ளிக்கூடப் பையன். அதற்கு முன் கோயில் திருவிழாக்களில் விடிய விடியக் கேட்டிருக்கிறேன். நாதஸ்வரம் எங்கே போகப்போகிறது என்று அங்கேயும் யாரும் எழுதி வைப்பதில்லை. ஆனால் ராகம் என்று ஒன்று காலுக்குக் கீழே இருக்கும், தாளம் என்று ஒன்று சுற்றி வரும். எவ்வளவு தூரம் போனாலும் எல்லாரும் வந்து சேர ஒரு சமம் உண்டு. இந்த இரண்டு பேருக்கும் அது ஒன்றும் இல்லை. எதிரில் இருப்பவரின் மூச்சு மட்டும்தான் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு 40 நிமிடம் போனார்கள். உன் அலுமாரியில் விட்டுப்போன டெரிக் பெய்லியின் நூலை எடுத்துப் பார்த்தேன். ஷெஃபீல்டில் பிறந்த அந்தக் கிதார்காரர், இந்த வகை வாசிப்பை வளர்த்தவர், அதைப் பற்றி எழுதி 1980 இல் வெளியானது. அவரே இந்திய இசையில் இருந்துதான் தொடங்குகிறார். நீ பென்சிலால் கோடு போட்ட பக்கங்கள் இப்போதும் அப்படியே இருக்கின்றன. இதை நீ எனக்குச் சொல்லியிருக்கிறாய் என்று நினைக்கிறேன். நான்தான் காது கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, ஹெட்போன் போட்டுக்கொண்டு, குசினி மேசையில் இருந்து உன் 34 நிமிடத்தையும் தள்ளாமல் பார்த்தேன். பத்தொன்பதாவது நிமிடத்தில் உன் சிநேகிதியின் குரல் தேய்ந்து வெறும் காற்றாகிற இடம் இருக்கிறதே, அதை இயந்திரம் எடுத்துச் சின்னச் சின்னத் துண்டுகளாகத் திருப்பித் தருகிறது. நீ அசையாமல் இருக்கிறாய். கண்ணை மூடியிருக்கிறாய். சின்ன வயதில் காய்ச்சலில் படுத்திருக்கும்போது வெளியே மழை பெய்தால் இப்படித்தான் கேட்டுக்கொண்டிருப்பாய். கமரா உன் இடுப்புக்கு மேலேதான் காட்டுகிறது. கால் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பெரிய கவலை.

அம்மாவுக்கும் காட்டினேன். அவள் நீ மெலிந்துவிட்டாய் என்கிறாள். வேளைக்குச் சாப்பிடு.

உன்னுடைய பழைய சுருதிச் சாவி லாச்சிக்குள் கிடக்கிறது, மரப்பிடி வைத்தது. வரும்போது கொண்டுவருகிறேன். அடுத்த நிகழ்ச்சி எந்தத் தேதி என்று எழுது, லீவு போடவேண்டும். எனக்கு முன்வரிசை வேண்டாம். பக்கவாட்டில், உன் கால் தெரிகிற இடமாகப் பார்த்து ஒரு கதிரை பிடித்து வை.

அன்புடன்
அப்பா