வணிக மன்றம் திருப்பூருக்கும் வரட்டும்

ஐயா,

ஆஸ்திரேலியாவுடனான வர்த்தகம் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். 2022 டிசம்பர் 29-இல் இந்தியா–ஆஸ்திரேலியா வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததும், நம் ஆயத்த ஆடைகளுக்கு அங்கே இருந்த 5 சதவீத வரி நீங்கியது. சரி, வரி போனால் மட்டும் சரக்கு போய்விடுமா? அந்த நாட்டு விதிமுறைகளும் தெரிய வேண்டுமே. அதைச் சொல்லித்தர 1986 முதல் இயங்கும் ஆஸ்திரேலிய இந்திய வணிக மன்றம் போன்ற அமைப்புகளைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

நான் திருப்பூரில் இருபது தையல் மெஷின்களுடன் சிறிய பனியன் கம்பெனி நடத்துகிறேன். குழந்தைகளுக்கான இரவு உடை 600 பீஸ் தைத்து, அயர்ன் செய்து, பெட்டியில் அடைத்த பிறகுதான், தீ அபாய எச்சரிக்கை லேபிள் அங்கே கட்டாயம் என்று தெரிந்தது. எல்லாப் பெட்டிகளையும் பிரித்து, ஒவ்வொரு கழுத்துப்பட்டியிலும் லேபிள் வைத்துத் தைத்தோம். நான்கு நாள் கூலியும் போனது, கப்பலும் போனது. அரை மணி நேரம் யாராவது தமிழில் விளக்கியிருந்தால் இந்த நஷ்டமே இல்லை. பெரிய நிறுவனங்களுக்கு ஆலோசகர்கள் இருக்கிறார்கள், எங்களுக்கு யார்?

தலைநகர விருந்துக் கூட்டங்களோடு நில்லாமல், உள்ளூர் ஏற்றுமதியாளர் சங்கத்துடன் சேர்ந்து மாதம் ஒருநாள் திருப்பூரில் வணிக மன்றம் ஆலோசனை முகாம் நடத்த வேண்டும். லேபிள், மூலச் சான்றிதழ் (சரக்கு எந்த நாட்டில் தயாரானது என்பதற்கான சான்று) விவரங்களைத் தமிழில் அச்சிட்டும் தர வேண்டும்.

– ஆடை உற்பத்தியாளர், திருப்பூர்